இரும்புச் சட்டைக்காரனை எப்படி வீழ்த்துவது? இங்கிலாந்தில் நான்கு நாள்

நாள் 1: லண்டன்

லீட்ஸில் இருக்கிற தம்பி வீட்டுக்குப் போகும் வழியில் லண்டனில் ஒரு முழு நாள் கையில் கிடைத்தது. முதல்முறை வருகிறவன் அரண்மனை, கோபுரம் என்று சுற்றியிருக்க வேண்டும். நான் காலையிலேயே மான்செஸ்டர் சதுக்கத்தில் இருக்கும் வாலஸ் கலெக்ஷன் அருங்காட்சியக வாசலில் போய் நின்றுவிட்டேன். ஆக்ஸ்ஃபோர்டு தெரு நெரிசலுக்குப் பின்பக்கம், பழைய பிரபு வீடு, டிக்கெட் கிடையாது. மாடியில் பெரிய பெரிய ஓவியங்கள், நான் அந்தப் பக்கமே போகவில்லை. கீழ்த்தளத்தில் நான்கு அறை நிறைய ஆயுதங்களும் கவசங்களும்.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் டூரிங் டாக்கீஸில் பார்த்த ராஜா ராணிப் படங்களில் கதாநாயகன் வாளை ஒரு வீசு வீசினால் கவசம் போட்ட நாலு பேர் சாய்வார்கள். ஒரே வீச்சில் சாவதற்கு எதற்கு இவ்வளவு இரும்பைச் சுமக்கிறார்கள் என்று கேட்டு அப்பாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அப்புறம் இரண்டு வருடம் சிலம்பம் பழகினேன். வாத்தியார் சொல்லிக்கொடுத்த அடிகள் எல்லாம் மணிக்கட்டு, கணுக்கால், முட்டி, நெற்றிப்பொட்டு என்று எலும்பு தோலுக்கு அடியிலேயே இருக்கிற இடங்களைத் தேடிப் போகிறவை. எதிராளி வெற்றுடம்போடு நின்றால்தான் அந்தக் கணக்கு சரிவரும். அங்கெல்லாம் எஃகுத் தகடு இருந்தால் என்ன செய்வது? அந்தக் கேள்வியோடுதான் இந்தப் பயணம்.

முதலில் பார்த்தது வளையக் கவசம். கம்பியைச் சின்னச் சின்ன வளையமாக்கி, ஒவ்வொன்றையும் நான்கு வளையங்களுக்குள் கோத்து, நுனியைத் தட்டையாக்கித் துளைபோட்டு குட்டி ஆணி அடித்து மூடியிருக்கிறார்கள். ஒரு சட்டைக்குப் பல்லாயிரம் வளையம். சட்டை மட்டும் சுமார் 10 கிலோ வரும், பாரம் மொத்தமும் தோளில் தொங்கும், அதனால் இடுப்பில் வாரை இறுக்கிக் கட்டிக் கொஞ்சத்தை இடுப்புக்கு மாற்றிக்கொள்வார்கள். வாளால் இழுத்து வெட்டினால் இதில் ஒன்றும் ஆகாது. ஆனால் இது துணி மாதிரி மடங்குகிற இரும்பு. அடி விழுந்தால் வளையம் உடையாது, உள்ளே இருக்கிற எலும்பு உடையும். அதனால்தான் அடியில் பஞ்சோ பல மடிப்புத் துணியோ வைத்துத் தைத்த தடித்த சட்டை ஒன்றை எப்போதும் போட்டுக்கொண்டார்கள்.

அந்தத் துணிச் சட்டையைச் சாதாரணமாக நினைத்திருந்தேன், தப்பு. பிரான்ஸ் மன்னர் 11ஆம் லூயி காலத்து ஆணை ஒன்று, படைவீரனின் சட்டைக்கு 25 முதல் 30 அடுக்குத் துணியும் மேலே ஒரு மான்தோலும் வேண்டும் என்கிறது. இரும்பு வாங்க வக்கில்லாதவனுக்கு அதுவே முழுக் கவசம்.

பிறகு குதிரைமேல் உட்கார்ந்திருக்கிற அந்த ஜெர்மன் கவசம். 1480 வாக்கில் செய்தது, பவேரியாவின் ஹோஹெனாஷாவ் கோட்டையிலிருந்து வந்தது, ஆளுக்கும் குதிரைக்கும் சேர்த்து. விசிறி மடிப்பு போலத் தகடெங்கும் வரிவரியாக மேடு. அழகுக்கு என்றுதான் முதலில் தோன்றும், ஆனால் தகரக் கூரையில் ஏன் நெளிவு வைக்கிறோமோ அதே காரணம் இங்கேயும் உண்டு: மெல்லிய தகடு, வளையாத உறுதி. நெஞ்சுத் தகடு நடுவில் 2 மில்லிமீட்டர் தடிமனோ அதற்குக் கொஞ்சம் மேலோ இருந்தாலே போதும், கை கால்களில் இன்னும் மெல்லிசு. மொத்தம் 20 முதல் 25 கிலோ. காலின் பாரம் காலில், கையின் பாரம் கையில் என்று உடம்பெங்கும் பிரித்துக் கட்டியிருப்பதால் வளையச் சட்டையைவிட இதுவே வசதி என்று எனக்குத் தோன்றியது. (மூன்றாம் நாள் இந்த நினைப்பு கொஞ்சம் அடிவாங்கியது.)

பக்கத்து அறையில் 1390 வாக்கில் செய்த ஒரு தலைக்கவசம், முகத்தகடு நாய் மூஞ்சி மாதிரி முன்னால் நீண்டிருக்கிறது. நேராக முகத்துக்கு வருகிற ஈட்டி முனை அந்தச் சரிவில் வழுக்கி விலகிப் போகும். கண்ணுக்கு விரல் நுழையாத கீற்று. அந்தக் கீற்று வழியாக எதிரே நிற்பவனின் பாதம் தெரியுமா என்று குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன், காவலர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று புரிந்த பெரிய விஷயம் கேடயம் பற்றியது. வளையக் கவசக் காலத்துச் சண்டையில் இடது கை எப்போதும் கேடயத்துக்குப் போய்விடும், ஈட்டியோ வாளோ ஒற்றைக் கையில். தகட்டுக் கவசம் உடம்பை முழுசாக மூடியதும் தரையில் நின்று சண்டை போடுகிறவன் கேடயத்தைக் கீழே வைத்துவிட்டான். உடம்பே கேடயம். ஒரு கை சும்மா வந்துவிட்டது. அந்தக் கையை வைத்து என்ன செய்தான் என்பதில்தான் மீதிக் கதை இருக்கிறது.

நாள் 2: லீட்ஸ்

கிங்ஸ் கிராஸில் ரயில் ஏறி இரண்டேகால் மணி நேரம். தம்பி ஸ்டேஷனுக்கு வந்திருந்தான், கூடவே அவன் பையன், வயது 11, பள்ளி விடுமுறை. "பெரியப்பா, நீங்க நிஜமாவே சண்டைக் கவசம் பார்க்கத்தான் வந்தீங்களா, எங்களைப் பார்க்க இல்லையா?" என்று முதல் கேள்வியே அப்படி. சமாளித்தேன்.

மதியத்துக்கு மேல் ராயல் ஆர்மரீஸ் என்ற ஆயுத அருங்காட்சியகம். ஆற்றங்கரையில் 1996இல் கட்டிய கட்டிடம், இதுவும் இலவசம். களைப்பாக இருந்ததால் ஆசியப் பகுதியை மட்டும் பார்ப்பது என்று முடிவு. பையன் நேராக யானையிடம் இழுத்துப் போய்விட்டான். 1600ஐ ஒட்டிய முகலாயர் காலத்து யானைக் கவசம், ஆயிரக்கணக்கான சிறு தகடுகளை வளையங்களால் கோத்தது, இப்போது மிச்சம் இருப்பதே 118 கிலோ. வலப்பக்கத் துண்டுகள் சில காணாமல் போய்விட்டன. இதை 1801இல் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர் அப்போதைய சென்னை மாகாண கவர்னரின் மனைவி லேடி கிளைவ். அவர் தென்னிந்தியா முழுக்கச் சுற்றிப் பார்த்தவர். எங்கேயோ வடக்கில் செய்த கவசம், நம் ஊர்ப் பக்கமாகக் கப்பல் ஏறி, கடைசியில் யார்க்‌ஷரில் பொம்மை யானைமேல் நிற்கிறது.

இந்தியக் கவசங்களை நின்று நிதானமாகப் பார்த்தேன். ஐரோப்பாவைப் போல உடம்பை முழுசாகத் தகட்டால் மூடவில்லை. வளையச் சட்டைமேல் நெஞ்சுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, விலாவுக்கு இரண்டு என நான்கு தகடுகள், பெயரே சார் ஆயினா, நான்கு கண்ணாடி. முன்னங்கைக்கு ஒரு தகடு. கேடயத்தை விடவே இல்லை, வட்டக் கேடயம் கடைசி வரை கையில் இருந்தது. நம் வெயிலை நினைத்தால் காரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் உடம்பின் பெரும்பகுதி வளையத்தால்தான் மூடியிருக்கிறது என்றால் அதைத் துளைக்கிற கருவி வேண்டும், அதுவும் பக்கத்திலேயே இருக்கிறது: நுனி மட்டும் தடித்து ஊசியாகக் கூர்ந்த குத்துவாள்கள், முஷ்டி மடக்கிக் குத்துவது போலப் பிடிக்கிற கட்டாரிகள். கட்டாரியைத் தஞ்சாவூர் அரண்மனையிலிருந்து எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்த ஆயுதங்களில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், பிடி ஏன் இப்படிக் குறுக்காக இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. மணிக்கட்டு வளையாமல் தோள் பலம் முழுக்க நுனிக்குப் போகிறது, அவ்வளவுதான்.

ஜப்பான் பகுதியில், 1613இல் ஜப்பானை ஆண்ட ஷோகுன் தொகுகாவா ஹிதெதாதா இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸுக்கு அனுப்பிய கவசம். சாமுராய்க்கும் இதே தலைவலி இருந்திருக்கிறது. கவசக்காரனை வெட்டி ஆகாது, கட்டிப்பிடித்துக் கீழே தள்ளி இடுக்கில் குத்த வேண்டும். அதற்கென்று குட்டையான, தடித்த ஒரு கத்தி, பெயரின் அர்த்தமே கவசம் துளைப்பது. ஜூஜுட்சு என்ற ஜப்பானிய மல்யுத்தக் கலையின் பழைய பிடிகளில் ஒரு பங்கு இந்தக் கவச மல்லுக்கட்டிலிருந்து வந்ததுதான்.

நாள் 3: மறுபடி அதே இடம்

காலையிலேயே போய்விட்டோம். தயிர்சாதமும் ஊறுகாயும் பையில், உள்ளே சாப்பிட விடுவார்களோ என்ற பயம் வேறு.

எட்டாம் ஹென்றி தரையில் நின்று சண்டை போடுவதற்காக 1520இல் செய்த கவசத்தின் முன் ஒரு மணி நேரம் போயிருக்கும். 235 துண்டுகள், 42 கிலோவுக்கு மேல். உடம்பில் ஒரு இடம்கூட விடாமல் மூடியது, அக்குள், முட்டியின் பின்மடிப்பு, உட்காருகிற இடம் எல்லாம் இறால் ஓடு மாதிரி ஒன்றன்கீழ் ஒன்று நகர்கிற தகடுகள். 1960களில் விண்வெளி உடை செய்கிறவர்கள் மூட்டு எப்படி மடங்குகிறது என்று பார்க்க இதைத்தான் ஆராய்ந்தார்கள். வேடிக்கை என்னவென்றால் மன்னர் இதைப் போடவே இல்லை. பிரான்ஸ் மன்னரோடு சேர்ந்து நடத்திய ஒரு பெரிய விழாவின் போட்டி விதியைக் கடைசி நேரத்தில் மாற்றிவிட்டார்கள், எஃகுப் பாவாடை வைத்த வேறு கவசம் வேண்டுமென்று. இதை அரைகுறையாக விட்டுவிட்டு இன்னொன்றை அவசர அவசரமாக ஒட்டுப்போட்டுச் செய்தார்கள். தைத்து முடிக்கிற நேரத்தில் மாடலை மாற்றச் சொல்லும் வாடிக்கையாளர் எல்லாக் காலத்திலும் உண்டு.

பதினொரு மணிக்குச் சண்டைக் காட்சி. இரண்டு பேர், முழுத் தகட்டுக் கவசம், கையில் ஆளுயரக் கம்பில் சம்மட்டியும் கோடரியும் கூரான முனையும் சேர்ந்த போல் ஆக்ஸ். நான் சிலம்பக்காரன், கம்பு கண்ணில் பட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நடுக்கம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு முனையாலும் வேலை, அடி, இடறு, கொக்கி போட்டு இழு. வீச்சு குறைவு, தள்ளலும் நெம்பலும் அதிகம். அடி கவசத்தில் விழும்போது வருகிற சத்தம் பாத்திரக்கடையில் லாரி புகுந்த மாதிரி. அடிபட்டவர் சாகவில்லை, தடுமாறினார். அந்தத் தடுமாற்றம்தான் அடியின் நோக்கம். தடுமாறியதும் இன்னொருவர் உள்ளே புகுந்து கழுத்துக்குப் பின்னால் கம்பைக் கொடுத்துத் தரையில் கவிழ்த்தார், மேலே ஏறி உட்கார்ந்து முகத்தகட்டைத் தூக்கினார், குத்துவாள் வெளியே வந்தது. முடிந்தது.

கபடியில் பாடிவருகிறவனின் காலைப் பிடித்து மற்றவர்கள் மேலே விழுவார்களே, கிட்டத்தட்ட அதேதான்.

அடுத்து வாள் வைத்துக் காட்டினார்கள். இதுதான் எனக்குப் புதுசு. கவசக்காரனிடம் வாளை யாரும் வீசுவதில்லை. ஒரு கை பிடியில், மறு கை வாளின் நடு அலகில்! கேடயம் விட்டுப்போன அந்தச் சும்மா இருந்த கை இங்கே வந்துவிட்டது. நீள வாள் இப்போது குட்டி ஈட்டி, அதை அக்குளுக்கோ கவட்டைக்கோ முட்டி மடிப்புக்கோ வழிகாட்டி நுழைக்கலாம், நெம்புகோல் மாதிரி எதிராளியின் கைக்குள் கொடுத்து முறுக்கலாம். இன்னும் ஒன்று, வாளைத் தலைகீழாகத் திருப்பி, அலகை இரண்டு கையாலும் பிடித்து, பிடிக்குமிழால் சம்மட்டி அடி. 1410 வாக்கில் இத்தாலிய வாள் ஆசான் ஃபியோரே படம் போட்டு விளக்கியவை இவை. அவர் பாடத்தைத் தொடங்குவதே மற்போரில்தான், வாள் அப்புறம்தான் வருகிறது. கை அறுந்துவிடாதா என்று பையன் கேட்டான். இறுக்கிப் பிடித்து நழுவாமல் வைத்திருந்தால் அறுக்காது என்றார் சண்டை காட்டியவர். வீட்டில் முயற்சி செய்யாதே என்று தம்பி உடனே ஓர் அறிக்கை விட்டான்.

மதியம் தொட்டுப் பார்க்க வைத்திருந்த மேசையில் என்னை ஒரு தலைக்கவசம் போட்டுப் பார்க்க அனுமதித்தார்கள். பாரம் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. முகத்தகட்டை இறக்கியதும்தான் தெரிந்தது. என் மூச்சு எனக்கே திரும்பி வருகிறது, காதுக்குள் அதுவே இரைகிறது, கீழே மேசை மறைந்துவிட்டது, பக்கத்தில் நிற்கிற பையன் மறைந்துவிட்டான். அரை நிமிடத்தில் தூக்கிவிட்டேன். சும்மா நின்ற எனக்கே இப்படி.

இதே ஊர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் ஒரு வேலை செய்திருக்கிறார்கள். இந்த அருங்காட்சியகத்தில் சண்டை காட்டுகிறவர்களையே பிடித்து, முழுக் கவசம் மாட்டி, டிரெட்மில்லில் நடக்கவும் ஓடவும் விட்டு மூச்சை அளந்தார்கள். கவசத்தோடு நடக்கச் செலவாகும் சக்தி சாதாரண நடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அதே எடையை முதுகுப்பையாகச் சுமந்தால்கூட இவ்வளவு ஆகாது, ஏனென்றால் காலில் கட்டிய இரும்பை ஒவ்வோர் அடிக்கும் தூக்கி வீச வேண்டியிருக்கிறது. நெஞ்சுத் தகடு விலாவை விரியவிடாமல் பிடிப்பதால் ஆழமாக மூச்சு இழுக்க முடியாமல் குட்டிக் குட்டியாகச் சீக்கிரம் சீக்கிரமாக வாங்கினார்களாம். முதல் நாள் நான் வசதி என்று எழுதியது பாதி சரி, பாதி அசட்டுத்தனம்.

அதற்காகக் கவசக்காரன் ஆமை என்று நினைத்துவிடவும் கூடாது. விழுந்தால் எழுந்திருக்க முடியாது, குதிரைமேல் கயிறு கட்டித் தூக்கி வைக்க வேண்டும் என்பதெல்லாம் கட்டுக்கதை. பிரெஞ்சு வீரர் பூசிகோ, தலைக்கவசம் தவிர மற்ற எல்லாம் போட்டுக்கொண்டு குட்டிக்கரணம் அடிப்பார், இரும்பு நெஞ்சுக் கவசத்தோடு ஏணியின் அடிப்பக்கமாகக் கையாலேயே தொற்றி ஏறுவார் என்று அவர் உயிரோடு இருந்தபோதே எழுதியிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவரே 1415இல் பிரான்ஸில் நடந்த அஜின்கோர்ட் போரின் சேற்றில் இங்கிலாந்துக்காரர்களிடம் சிக்கினார். புதிதாக உழுத வயல், மழை, கணுக்கால் புதைகிற களி, அதில் இரும்புக்காலோடு நடந்துவந்து மூச்சுவாங்கி நின்றவர்களை, லேசான உடுப்பில் இருந்த வில்லாளிகள் கொட்டாப்புளியும் கோடரியும் எடுத்து அடித்தார்கள். பூசிகோ சிறைக்கைதியாகவே 1421இல் செத்த இடம் மெத்லி, தம்பி வீட்டிலிருந்து காரில் கொஞ்ச தூரம்தான்.

நாள் 4: டவுட்டன்

தம்பி லீவு போட்டான். காரில் அரை மணி நேரம், அப்புறம் வெறும் வயல். டவுட்டன் என்று சொன்னால் இங்கேயே பலருக்குத் தெரியாது என்கிறான். 1461 மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு, பனி கொட்டக் கொட்ட, இங்கிலாந்து அரியணைக்குப் போட்டியிட்ட நான்காம் எட்வர்டின் ஆட்களும் ஆறாம் ஹென்றியின் ஆட்களும் இங்கே நாள் முழுக்க வெட்டிக்கொண்டார்கள். 28,000 பேர் செத்ததாக அந்தக் காலத்துக் கடிதங்கள் சொல்கின்றன, இன்றைய வரலாற்றாசிரியர்கள் பலர் அவ்வளவு இருக்காது என்கிறார்கள். சாலையோரம் ஒரு பழைய கல் சிலுவை, சில விளக்கப் பலகைகள், காற்று. காற்று என்றால் அப்படி ஒரு காற்று.

நான் இங்கே வந்தது சிலுவை பார்க்க இல்லை. 1996இல் டவுட்டன் ஹால் என்ற வீட்டில் கட்டிட வேலைக்காகத் தோண்டியபோது அந்தப் போரில் செத்தவர்களின் குழி ஒன்று அகப்பட்டது, முப்பத்துச் சொச்சம் ஆண்கள். பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் ஒவ்வொரு எலும்பாக ஆராய்ந்தார்கள். பார்க்க முடிந்த 28 மண்டையோடுகளில் 27இல் சாகிற நேரத்துக் காயம், பெரும்பாலும் ஒன்றுக்கு மேல். ஒரே தலையில் எட்டுக் காயம் வாங்கியவர் ஒருவர். கழுத்துக்குக் கீழே காயம் குறைவு, இருப்பதில் நிறைய முன்னங்கையில், அதாவது கையைத் தூக்கித் தடுத்தபோது பட்டவை. மண்டையில் சதுரத் துளைகள் வேறு. நேற்று அந்தக் கம்பின் முனையைப் பார்த்த எனக்கு அந்தச் சதுரம் எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தலையில் இவ்வளவு என்றால் தலைக்கவசம் எங்கே போனது? ஓடியபோது கழற்றி எறிந்திருக்கலாம், பறித்திருக்கலாம், பிடித்துவைத்துக் கொன்றிருக்கலாம். தோற்று ஓடுகிறவனுக்கு முதலில் வேண்டியது காற்று, அடுத்து பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்கிற கண். இரண்டையும் மறைப்பது ஒரே இரும்பு.

ஸ்வீடனின் காட்லண்ட் தீவில் விஸ்பி ஊர்ச் சுவருக்கு வெளியே, 1361 ஜூலையில் டென்மார்க் படையிடம் தோற்ற தீவு விவசாயிகளின் குழிகளும் இப்படித் தோண்டப்பட்டவை, 1,185 பேரின் எலும்புகள், பலரின் தலையில் வளையக் கவசம் அப்படியே. அங்கே காயங்கள் முழங்காலுக்குக் கீழே குவிந்திருந்தன. உடம்புக்குத் தகடு, தலைக்கு வளையம், கைக்குக் கேடயம் இருந்தது, காலுக்கு ஒன்றும் இல்லை. எங்கே வெட்டினார்கள் என்பதைப் பார்த்தால் என்ன போட்டிருந்தார்கள் என்று சொல்லிவிடலாம். வாத்தியார் இருந்திருந்தால் கணுக்கால் அடி பற்றி ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

சரிவில் இறங்கி காக் பெக் ஓடை வரை போனோம். தாண்டிவிடலாம் போல இருக்கிறது. தோற்று ஓடிய ஹென்றியின் ஆட்கள் பலர் இதில் விழுந்துதான் மாண்டார்கள் என்பதை நம்ப, காலில் இரும்போடு பனிச்சேற்றில் வழுக்குவதைக் கொஞ்சம் கற்பனை செய்ய வேண்டும். திரும்ப மேடேறும்போது எனக்கு ஸ்வெட்டருக்கே மூச்சு வாங்கியது.

கடைசியாகச் சாக்ஸ்டன் கிராமத்து தேவாலயம். முற்றத்தில் ஹென்றி பக்கம் நின்று போரிட்ட டேக்கர் பிரபுவின் கல்லறை, எழுத்து தேய்ந்த ஒரு கற்பெட்டி. அவரைக் குதிரையோடு புதைத்தார்கள் என்று ஊர் சொல்லும். சண்டைக்கு நடுவே தாகம் தாங்காமல் தலைக்கவசத்தைக் கழற்றி ஒரு வாய் குடிக்கப் போனாராம், மரத்தில் ஒளிந்திருந்த ஒரு பையன் அம்பு விட்டானாம். முந்தின நாள் கைகலப்பில் அதே பக்கத்துக் கிளிஃபோர்டு பிரபுவும் புழுக்கத்தாலோ வலியாலோ கழுத்துத் தகட்டைக் கழற்றினார், தொண்டையில் அம்பு. பனி கொட்டுகிற ஊரில், காசு கொடுத்து வாங்கக்கூடிய உயர்ந்த கவசம் போட்ட இரண்டு பிரபுக்கள், இரண்டு பேரும் அதைத் தாங்களே கழற்றிய நேரத்தில் போனார்கள்.

இதையெல்லாம் கல்லறைப் பக்கத்தில் நின்று பையனுக்குக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், மழை வேறு தூற ஆரம்பித்துவிட்டது. அவன் ஜூஸ் டப்பாவை உறிஞ்சி முடித்துவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"பெரியப்பா, ஒரு ஸ்ட்ரா வச்சிருந்தா செத்திருக்க மாட்டாரே?"

தம்பி கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூப்பிட்டான்.